கூப்பிடு தூரம்

தமிழில் ‘எட்டு’ என்னும் வினை தனித்து நிற்க விரும்பாத வினை. கிளையில் தொங்கும் பழம் கைக்கு எட்டவில்லை என்றும், ஊருக்கு வெளியே அடிக்கும் மணி காதுக்கு எட்டவில்லை என்றும், சொன்ன செய்தி அறிவுக்கு எட்டவில்லை என்றும் சொல்லும்போது, எட்டாமல் போன பொருள் எழுவாயாக நிற்க, அதை எட்ட முயன்ற உறுப்பு நான்காம் வேற்றுமை ஏற்று அதன் அருகிலேயே நின்றுகொள்கிறது. கையைக் குறிப்பிடாமல் பழம் எட்டவில்லை என்று மட்டும் சொன்னாலும், கேட்பவர் அந்த வெற்றிடத்தில் ஒரு கையை வைத்துப் பார்த்துத்தான் பொருள் கொள்கிறார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்னும் பழமொழி, ஒரே பொருள் ஒரே நேரத்தில் எட்டியதாகவும் எட்டாததாகவும் இருக்க முடியும் என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. கூப்பிடு தூரம் என்னும் வழக்கும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்: அதன் அளவுகோல் நிலத்தில் இல்லை, கூப்பிடுபவரின் தொண்டையிலும் கேட்பவரின் காதிலும் இடையே வீசும் காற்றிலும் இருக்கிறது. கைப்பேசி வந்தபின் இந்த இலக்கணம் சற்றுக் கலைந்தது. அழைக்கப்பட்டவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதிவுசெய்யப்பட்ட குரல் ஒன்று அறிவிக்கும்போது, அது யாருடைய எல்லை என்பது சொல்லப்படுவதில்லை; அழைத்தவர் நடுவில் நிற்க, அழைக்கப்பட்டவர் எங்கோ வெளியே போய்விட்டதாக ஒரு தோற்றம் உருவாகிறது. நான்காம் வேற்றுமை உதிர்ந்துபோன வாக்கியம் அது.

கணினி வலையமைப்புகளைத் தொலைவிலிருந்து பராமரிப்பவர்களின் அன்றாடத்தில், உதிர்ந்துபோன இந்த வேற்றுமையைத் தேடிப் பொருத்துவதே பாதி வேலை. பல ஊர்களில் கிளைகளை உடைய ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு கிளையிலும் வைஃபை அலைகளைப் பரப்பும் அக்சஸ் பாயின்ட்டுகளும், கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்சுகளும், வெளியுலகுக்கு வாசலாக நிற்கும் ரவுட்டரும் இருக்கும். இவற்றின் பெயர்கள், கடவுச்சொற்கள், அலைவரிசைகள், எந்தக் கருவி எதை அணுகலாம் என்னும் விதிகள் ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் வைத்துப் பகிர்ந்தளிக்கும் மென்பொருளோ, அந்த மென்பொருள் குடியிருக்கும் சிறு பெட்டியோதான் களத்தில் கன்ட்ரோலர் என்றே வழங்கப்படும் வலையமைப்புக் கட்டுப்படுத்தி. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிளையின் அலமாரிக்குள் இருக்கும் அந்தப் பெட்டி ஒரு காலையில் பதில் சொல்லாமல் போகும்போது, தலைமையகத்தின் திரையில் அதன் பெயருக்கு முன்னால் பச்சையாக இருந்த புள்ளி சிவப்பாகிறது. அந்தச் சிவப்புப் புள்ளி சொல்வது என்ன என்பது, பார்த்தவுடன் தோன்றுவதைப் போல எளிதான கேள்வி அல்ல.

வலையமைப்பியலில் கட்டுப்பாட்டுத் தளம், தரவுத் தளம் என்று ஒரு பிரிவினை உண்டு. எந்தத் தரவுப் பொட்டலம் எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவெடுப்பது முன்னது, முடிவெடுத்தபடி பொட்டலங்களைச் சுமந்து செல்வது பின்னது. அக்சஸ் பாயின்ட்டுகள் பயனாளர்களின் தரவைத் தாமே நேராக வெளியே அனுப்பும் வகையில் அமைக்கப்பட்ட இடங்களில், கட்டுப்படுத்தி நின்றுபோனாலும் அவை கடைசியாகப் பெற்ற கட்டளைகளை வைத்துக்கொண்டு வேலையைத் தொடரும். எல்லாத் தரவும் கட்டுப்படுத்தி வழியாகவே செல்லும்படி அமைக்கப்பட்ட இடங்களிலோ அது நின்றால் கிளையே நின்றுபோகும். ஆகவே திரையில் சிவப்புப் புள்ளி தோன்றும் அதே வேளையில், கிளையில் இருப்பவர்கள் எதையும் உணராமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். கட்டடமே இருளில் மூழ்கியும் இருக்கலாம். இரண்டுக்கும் புள்ளி ஒன்றுதான். மேலாண்மைத் திரைகளில் நம்பத்தகுந்த வரி ஒன்று உண்டென்றால் அது கடைசியாகத் தொடர்பு கிடைத்த நேரத்தைச் சொல்லும் வரி, ஏனெனில் அது மட்டுமே தான் அறிந்ததைத் தாண்டி எதையும் சொல்வதில்லை. புள்ளியின் நிறமோ, தன் காதுக்கு எட்டாததைப் பற்றித் திரை செய்துகொள்ளும் ஊகம்.

இணையத்தை வடிவமைத்தவர்கள் இந்த இலக்கணத்தில் திரை வடிவமைப்பாளர்களைவிடக் கவனமாக இருந்தார்கள். 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் எழுதி வெளிவந்த ஆர்எஃப்சி 792 என்னும் ஆவணம் (இணையத்தின் நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசைக்கு ஆர்எஃப்சி என்று பெயர்) ஐசிஎம்பி என்னும் செய்தி நெறிமுறையை வகுத்தபோது, சேருமிடம் எட்டவில்லை என்பதற்கு ஒரே ஒரு செய்தியை வைத்துவிட்டு விலகிக்கொள்ளவில்லை. அந்தச் செய்திக்குள் எண்கள் உண்டு: 0 என்றால் அந்த வலையமைப்பே எட்டவில்லை, 1 என்றால் வலையமைப்பு எட்டியும் அதற்குள் இருக்கும் குறிப்பிட்ட கணினி எட்டவில்லை, 3 என்றால் கணினியும் எட்டியது, அதில் தட்டிய கதவு, அதாவது போர்ட், திறக்கவில்லை. 1995இல் வெளிவந்த இன்னோர் ஆவணம் 13 என்ற எண்ணைச் சேர்த்தது. வழி இருக்கிறது, ஆனால் நிர்வாகம் தடுத்திருக்கிறது என்பது அதன் பொருள். எண்களைவிட நுட்பமான விஷயம், ஒவ்வொரு செய்தியும் தன்னை அனுப்பியவரின் முகவரியைத் தாங்கி வருகிறது என்பது. எட்டவில்லை என்று சொல்ல வழியில் ஒரு ரவுட்டர் இருந்தது என்றால், அந்த ரவுட்டர் வரைக்கும் எட்டியிருக்கிறது. கதவு திறக்கவில்லை என்னும் செய்தியையோ பெரும்பாலும் சேருமிடமே அனுப்புகிறது. வீட்டில் யாரும் இல்லை என்று வீட்டுக்காரரே உள்ளிருந்து குரல் கொடுப்பதைப் போன்ற இந்த வினோதத்தை வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது, வான் ஜேக்கப்சன் எழுதிய டிரேஸ்ரூட் என்னும் வழிகாண் கருவி. தாண்டும் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் ஆயுள் எண்ணைப் பொட்டலத்துக்குக் கொடுத்து, முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று அனுப்பி, ஒவ்வொரு பொட்டலமும் எங்கே இறந்தது என்னும் செய்தியைக் கொண்டு வழியை வரைந்துகொண்டே போகும் அந்தக் கருவியின் முதல் வடிவம், யாரும் திறந்து வைத்திருக்க வாய்ப்பில்லாத ஒரு கதவைத் தட்டி, அது திறக்கவில்லை என்ற பதில் வந்ததும் ஊர் வந்துவிட்டது என்று முடிவு செய்தது.

இந்தச் செய்திகளுள் எதுவும் வராமல் போவது, அதாவது முழு மௌனம், இவற்றிலிருந்து வேறான ஒன்று. பதில் வருவதையும் வராமல் போவதையும் கொண்டு சோதிக்கும் பழைய கருவிகளுள் ஒன்றும் இன்றுவரை முதலில் கை வைக்கப்படுவதுமான பிங், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருந்த ராணுவ எறியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் ஒரே மாலையில் எழுதியது. நீர்மூழ்கிகளைக் கண்டறிய ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் சோனார் கருவியின் ஓசையைத்தான் அவர் அதற்குப் பெயராக வைத்தார். அவர் பிற்காலத்தில் எழுதிவைத்த குறிப்பில், ஒரு மாநாட்டில் தாம் கேட்டதாக ஒரு கதையைப் பதிவு செய்திருக்கிறார். விட்டுவிட்டு அறுந்துகொண்டிருந்த ஈத்தர்நெட் இணைப்பால் அவதிப்பட்ட ஒரு வலையமைப்பு நிர்வாகி, ஒவ்வொரு பதிலுக்கும் கணினி ‘பிங்’ என்று வாய்விட்டுச் சொல்லும்படி செய்து, அதை அலுவலக ஸ்டீரியோவில் இணைத்து, தாங்க முடிந்த அளவுக்கு ஒலியைக் கூட்டிவைத்துவிட்டு, கட்டடம் முழுவதும் நடந்து கேபிள் இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எதை அசைத்தபோது குரல் நின்றதோ அதுவே பழுதான இணைப்பு. கூப்பிடு தூரத்துக்குள் பழுது இருந்ததால் நடந்தே கண்டுபிடிக்க முடிந்த காலத்துக் கதை அது. கிளை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது அசைத்துப் பார்க்கக் கையில் கேபிள் இல்லை.

பிங் என்பது ஒரு பயணம் அல்ல, இரண்டு பயணம் என்பதை அனுபவசாலிகளும் அவ்வப்போது மறக்கிறார்கள். போன பொட்டலம் சேர்ந்து, பதில் திரும்பும் வழியில் தொலைந்தாலும், அனுப்பியவருக்குக் கிடைப்பது அதே மௌனம்தான். கட்டுப்படுத்தியில் கேட்வே முகவரி, அதாவது தன் தெருவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு எழுதும் கடிதங்களை எந்த வாசலில் கொடுக்க வேண்டும் என்னும் குறிப்பு, தவறாகப் பதிவாகியிருந்தால் இந்த நிலை தூய வடிவில் தோன்றும்: அதே கிளைக்குள் இருக்கும் கணினிகளுக்கு அது உடனுக்குடன் பதில் சொல்லும், தலைமையகத்திலிருந்து வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒழுங்காகப் பெற்றுக்கொள்ளும், ஆனால் பதிலை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் விட்டுவிடும். கிளையில் இருப்பவர் பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்கிறார், தலைமையகத்தில் இருப்பவர் பெட்டி செத்துவிட்டது என்கிறார், இருவரும் உண்மையே சொல்கிறார்கள். இருவரும் தத்தம் நான்காம் வேற்றுமையைச் சொல்லாமல் விட்டதால் வாக்குவாதம் மட்டும் அரைமணி நேரம் நீள்கிறது.

இதைவிட விசித்திரமானது முகவரி மோதல். தனியார் வலையமைப்புகளுக்குள் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1996இல் ஆர்எஃப்சி 1918 மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது, அவற்றுள் 192.168 என்று தொடங்கும் தொகுதி வீட்டு ரவுட்டர்களின் பிறப்புரிமை போல ஆகிவிட்டது. கிளை அலுவலகத்தின் உள்வலையும் 192.168.1 என்றே தொடங்கி, தம் வீட்டிலிருந்து விபிஎன் என்னும் மறைகுழாய் வழியே அந்தக் கிளைக்குள் நுழைய முயலும் பொறியாளரின் வீட்டு வலையும் 192.168.1 என்றே தொடங்கினால், அவருடைய கணினி கட்டுப்படுத்தியின் முகவரியைப் பார்த்தவுடன் இது நம் தெரு முகவரிதானே என்று எண்ணி, குழாய்க்குள் ஒரு பொட்டலத்தையும் அனுப்பாமல், வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டு, காணவில்லை என்று கையை விரிக்கிறது. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் பழுதே இல்லாத பெட்டி ஒன்று கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லக் காத்திருக்கிறது. இன்னும் மோசமாக, அதே முகவரி அவர் வீட்டு அச்சுப்பொறிக்கு வாய்த்திருந்தால் பிங்குக்குப் பதிலும் வரும்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நிலைக்கும் இத்துறையில் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. ஈத்தர்நெட் கேபிளில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட் வரை சுமக்கலாம். மறைகுழாய்க்குள் போகும்போது குழாயின் சொந்த உறைக்குக் கொஞ்சம் இடம் போய்விடுவதால் அந்த அளவு குறைகிறது. பிங் அனுப்புவதோ நூறு பைட்டுக்கும் குறைவான சிறு பொட்டலம், ஆகையால் அது தடையின்றிப் போய் வருகிறது. கட்டுப்படுத்தியின் நுழைவுப் பக்கம் திறக்கத் தொடங்கும், பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சுமந்துவரும் பெரிய பொட்டலங்கள் குழாயின் வாயில் சிக்கிக்கொள்ளும், திரை வெள்ளையாகவே நிற்கும். வாயில் இருக்கும் ரவுட்டர், பொட்டலம் பெரிது, சிறிதாக்கி அனுப்பு என்று ஐசிஎம்பி வழியே சொல்லத்தான் செய்கிறது. ஆனால் பாதுகாப்பின் பெயரால் ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் அடைத்துவைக்கும் பழக்கம் பல நிர்வாகிகளிடம் இருப்பதால் அந்தச் சொல் அனுப்பியவரை அடைவதில்லை. தூதனின் வாயைக் கட்டிவிட்டுத் தூது வரவில்லை என்று வருந்தும் இந்தப் பழக்கத்தைப் பாதுகாப்பு என்று அழைப்பது பெருந்தன்மை.

வெளியாருக்கு மௌனம் காக்கும் கருவியும் அண்டை வீட்டாரிடம் மௌனம் காக்க முடியாது. ஒரே வலைக்குள் இருக்கும் கணினிகள், இந்த முகவரிக்கு உரியவர் யார் என்று பொதுவில் கூவிக் கேட்கும் ஏஆர்பி என்னும் நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டது; பிங்கை முற்றிலும் தடுத்து வைத்திருக்கும் கணினியும் இந்தக் கூவலுக்கு வாய் திறந்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த வலையில் அதற்கு வாழ்வே இல்லை. ஆகவே கிளையில் உயிரோடு இருக்கும் வேறொரு கருவிக்குள், ஒரு சுவிட்சுக்குள்ளோ ரவுட்டருக்குள்ளோ, நுழைந்து அங்கிருந்து கூவிப் பார்ப்பதே விவரமறிந்தவர்கள் முதலில் செய்வது. இதன் பெரிய வடிவம் ஒன்று 1998இல் விண்வெளியில் நடந்தது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனை நோக்கியிருந்த சோஹோ விண்கலம், அனுப்பப்பட்ட கட்டளைகளில் நேர்ந்த பிழைகளின் விளைவாக, ஜூன் 25 அன்று நிலைகுலைந்து மௌனமானது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் தொலைநோக்கி ரேடார் அலையை அதன் மேல் வீச, கோல்ட்ஸ்டோனில் இருந்த 70 மீட்டர் அலைவாங்கி எதிரொலியைப் பிடித்தது; கலம் எதிர்பார்த்த இடத்துக்கு அருகிலேயே, நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாகச் சுழன்றபடி இருந்தது. பேச அதனால் முடியவில்லை, ஆனால் இருக்க முடிந்தது. அது இருக்கிறது என்பது உறுதியானபின், பேசவைக்கும் வேலை ஆகஸ்ட் முழுவதும் செப்டம்பரிலும் நடந்து முடிந்தது.

கிளையில் உயிரோடு இருக்கும் கருவிகளுள் மிகவும் பயனுள்ளது, அங்கே இருக்கும் மனிதர். பெரும்பாலும் அவர் கணினி ஆள் அல்லர்; காவலாளியாகவோ கணக்கராகவோ இருப்பார். சார், மூணு பச்சை எரியுது, ஒண்ணு மட்டும் ஆரஞ்சா விட்டுவிட்டு எரியுது என்று அவர் தொலைபேசியில் சொல்லும் வாக்கியத்தில், எந்த மேலாண்மைத் திரையிலும் இல்லாத தகவல் இருக்கிறது. அந்த ஆரஞ்சு எந்தத் துளைக்கு மேல் எரிகிறது, அதில் செருகியிருக்கும் வயர் என்ன நிறம், அது எங்கே போகிறது என்று, அண்ணே என்று விளித்து, அவசரப்படாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்கத் தெரிந்த பொறியாளருக்கு ஒரு நாள் பயணம் மிச்சமாகும். யாரோ மின்விசிறிக்காகப் பிளக்கைப் பிடுங்கியிருப்பதும், யுபிஎஸ்ஸின் பேட்டரி ஓய்ந்திருப்பதும், எலி கேபிளைக் கடித்திருப்பதும் இப்படித்தான் தெரியவருகின்றன. ஆனால் அந்த மனிதரிடம் முதலில் சொல்லக்கூடாத ஒன்றும் உண்டு, அதைத்தான் பெரும்பாலோர் முதலில் சொல்கிறார்கள்: ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அணைத்து ஏற்றினால் பல நேரங்களில் பெட்டி எழுந்துவிடும் என்பது உண்மை. தற்காலிக நினைவகத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்த நிகழ்வுக் குறிப்புகள், மௌனத்துக்குக் காரணம் சொல்லக்கூடிய ஒரே சாட்சி, அதோடு அழிந்துபோகும் என்பதும் உண்மை. குண்டூசியால் குத்தும் சிறு துளைக்குள் ஒளிந்திருக்கும் ரீசெட் பொத்தானை ஆர்வத்தில் அழுத்திவிட்டாலோ, பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிப்போகும். பிறகு அதற்குத் தன் பெயரே தெரியாது.

மௌனத்தைத் தன் குறையாகவே எண்ணிக்கொள்ளும் கருவிகளும் இருக்கின்றன, அவற்றின் கதை இன்னும் சிக்கலானது. 2021 அக்டோபர் 4 அன்று, இந்திய நேரம் இரவு 9 மணி கடந்த சற்று நேரத்தில், பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் உலகெங்கும் ஒரேயடியாக மறைந்தன. அந்நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையின் கொள்ளளவை மதிப்பிடுவதற்காகப் பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அந்த வலையின் எல்லா இணைப்புகளையும் துண்டித்தது. அத்தகைய கட்டளைகளைத் தடுத்து நிறுத்த வேண்டிய தணிக்கைக் கருவியில் இருந்த பிழையால் அது தடுக்கப்படவில்லை. பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டிஎன்எஸ் சேவையகங்கள் உலகின் பல ஓரங்களில் இருந்தன, அவற்றுக்கு ஒரு பழுதும் இல்லை. ஆனால் தரவு மையங்களோடு பேச முடியாமல் போனால் தம் பக்கத்தில்தான் கோளாறு என்று முடிவுசெய்து, தம்மை அடையும் வழியை உலகுக்கு அறிவிக்கும் பிஜிபி அறிவிப்புகளைத் தாமே திரும்பப் பெறுமாறு அவை அமைக்கப்பட்டிருந்தன. ஒரு சேவையகம் மட்டும் நோயுற்றால் இது நல்ல ஏற்பாடு, மற்றவை வேலையைப் பார்த்துக்கொள்ளும். அன்று அத்தனை சேவையகங்களும் ஒரே கணத்தில், ஒரே அடக்கத்தோடு, தம்மைத் தாமே உலகிலிருந்து மறைத்துக்கொண்டன.

பொறியாளர்கள் பழுதுபார்க்க வழக்கமாகச் செல்லும் வழியும் மறைந்துபோன அந்த வலையின் வழியாகவே போனது; அவர்கள் பயன்படுத்தும் உள்கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்தன. ஆட்கள் தரவு மையங்களுக்கு நேரில் அனுப்பப்பட்டார்கள், அங்கேயும் அந்நியர் எளிதில் நுழையவோ நுழைந்தபின் கருவிகளை மாற்றியமைக்கவோ முடியாதபடி கட்டப்பட்ட பாதுகாப்பு, உரியவர்களையும் தாமதப்படுத்தியது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது. அடுத்த ஆண்டு ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு, ஒரு ரவுட்டரில் வழித்தட வடிகட்டி ஒன்றை நீக்கியதால் மையக் கருவிகள் தகவல் வெள்ளத்தில் மூழ்கி, நாடு முழுவதும் விழுந்தது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அங்கேயும் மேலாண்மை வலை மைய வலையின் தோளில்தான் ஏறியிருந்தது. ஊழியர்களின் கைப்பேசிகளும் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் இணைப்புகள் என்பதால், பழுதுபார்ப்பவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடக்கூட வழியில்லை. காரணத்தைக் கண்டறியவே ஏறத்தாழ 14 மணி நேரம் பிடித்தது. ஏறி நிற்கும் கிளையை வெட்டக்கூடாது என்பது ஊரறிந்த அறிவு. இந்த மரங்களில் எது கிளை, எது அடிமரம் என்பது வெட்டிய பிறகே தெரியும்படி இருந்தது.

இதற்கு மாற்றாக இத்துறை வகுத்திருக்கும் ஏற்பாடு, பழுதாகக்கூடிய வழியிலிருந்து முற்றிலும் விலகிய இன்னொரு வழி. ரவுட்டர்களிலும் சுவிட்சுகளிலும் கன்சோல் என்று ஒரு தனித் துளை இருக்கும். வலையமைப்பே இல்லாத நிலையிலும் அதில் வயரைச் செருகி, நொடிக்கு 9600 பிட் என்னும் பழங்கால வேகத்தில், கருவியோடு எழுத்தெழுத்தாகப் பேசலாம். அந்தத் துளையில் சிறு பெட்டி ஒன்றைச் செருகி, அதற்கு ஒரு கைப்பேசி சிம்மைக் கொடுத்துவிட்டால், கிளையின் இணைப்பு அறுந்தாலும் பின்வாசல் வழியே நுழையலாம். சிம்மும் கிளையின் இணைப்பும் ஒரே நிறுவனத்துடையதாக இருந்தால் அது பின்வாசல் அல்ல, அதே வாசலின் மறுபக்கம். வாங்கும்போது இந்தச் சிறு விவரத்தை யாரும் கேட்பதில்லை.

பின்வாசல் இல்லாத இடங்களுக்கு இன்னொரு உத்தி இருக்கிறது, அது இந்தத் தொழிலின் மிக அழகிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று. தொலைவில் இருக்கும் கருவியில் ஆபத்தான மாற்றத்தைச் செய்யும் முன், குறித்த நேரத்துக்குள் நான் மறுபடி வந்து உறுதி சொல்லாவிட்டால் இப்போது சொன்னதை மறந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடு என்று கருவியிடமே சொல்லிவைப்பது அது. ஜூனிப்பர் ரவுட்டர்களில் இந்தக் கட்டளைக்கு வேறு அளவு சொல்லாவிட்டால் பத்து நிமிடம் கெடு. சிஸ்கோ கருவிகளில், மாற்றத்தை நிரந்தர நினைவில் எழுதாமல் விட்டு, குறித்த நேரத்தில் தானே அணைந்து எழுமாறு சொல்லும் முரட்டு வடிவம் நெடுநாளாகப் புழக்கத்தில் உண்டு. மாற்றம் தவறாகி, நிர்வாகி வெளியே தள்ளப்பட்டால், அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, காத்திருப்பதுதான். அவருடைய மௌனத்தையே கருவி ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கிறது.

மௌனத்தைச் செய்தியாக எடுத்துக்கொள்ளும் கருவிகளுள் மிகத் தொலைவில் இருப்பவை, 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் கலங்கள். நெடுநேரம் பூமியிலிருந்து கட்டளை எதுவும் வராவிட்டால், தன் அலைவாங்கிதான் பழுதாகியிருக்க வேண்டும் என்று எண்ணி மாற்று அலைவாங்கிக்குத் தாவுமாறு அவற்றுக்குள் ஒரு கடிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. 1978 ஏப்ரலில் தரைக்குழு ஏறத்தாழ ஒரு வாரம் வாயேஜர் 2க்குக் கட்டளை அனுப்பாமல் விட்டுவிட்டது. கூப்பிட மறந்தவர்கள் இங்கே இருக்க, கலம் தன் காதைச் சந்தேகித்து மாற்றுக் காதுக்குத் தாவியது. அந்த மாற்று அலைவாங்கியில் அலைவெண்ணின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடரும் பகுதி செயலிழந்திருந்தது. மறுபடி முதல் அலைவாங்கிக்குத் திரும்பிய சிறிது நேரத்தில் அதுவும் முற்றாகப் பழுதாகிவிட, அன்றிலிருந்து, வியாழனையும் சனியையும் யுரேனஸையும் நெப்டியூனையும் கடந்து இன்றுவரை, அந்தக் கலம் குறை உள்ள அந்த ஒரு காதால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. வெப்பநிலை மாறினால் அது கேட்கும் அலைவெண்ணும் நகர்ந்துவிடும் என்பதால், எந்தச் சுருதியில் கூப்பிட வேண்டும் என்று பூமியில் கணக்கிட்டுக் கூப்பிடுகிறார்கள். கலம் தென்திசையில் இறங்கிப்போனதால், அதைக் கூப்பிடும் வலிமை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள 70 மீட்டர் அலைவாங்கி ஒன்றுக்குத்தான் உண்டு. 2020 மார்ச்சில் அது மராமத்துக்காக நிறுத்தப்பட்டபோது, பல மாதங்கள், கலத்தின் பேச்சைச் சிறிய அலைவாங்கிகளால் கேட்க முடிந்தது, ஆனால் கலத்தோடு பேச முடியவில்லை.

2023 ஜூலை 21 அன்று அனுப்பப்பட்ட கட்டளைத் தொகுப்பில் இருந்த பிழையால் வாயேஜர் 2இன் அலைக்கிண்ணம் பூமியை விட்டு 2 பாகை திரும்பியது. கலம் அப்போது ஏறத்தாழ 1,990 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அத்தனை தொலைவில் 2 பாகை என்பது எட்டவில்லை என்று சொல்லப் போதுமானது. பூமியை நோக்கித் தன்னைத் தானே திருப்பிச் சரிசெய்துகொள்ளும் வேலை ஆண்டுக்குச் சில முறை கலத்தின் நிரலிலேயே இருக்கிறது, அடுத்தது அக்டோபர் 15. ரவுட்டரின் பத்து நிமிடத்துக்கு இது இணை. பொறியாளர்கள் காத்திருக்கலாம் என்றுதான் இருந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பல அலைவாங்கிகளைச் சேர்த்துக் கேட்டபோது கலத்தின் சுமப்பலை மங்கலாகப் பிடிபட்டது. அதில் தரவு எதுவும் இல்லை, கலம் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும் இருந்தது. அதன்பின் கான்பெராவிலிருந்து மிக உயர்ந்த ஆற்றலில் ஒரு கட்டளையை உரக்கக் கூவினார்கள். போய்ச்சேரப் பதினெட்டரை மணி நேரம், கேட்டதா என்று அறிய இன்னொரு பதினெட்டரை மணி நேரம்.

ஆகஸ்ட் 4 அன்று தரவு வந்தது, வழக்கமான அறிவியல் அளவீடுகளும் கருவிகளின் நிலையும்தான். கலத்தைப் பொறுத்தவரை அந்த இரண்டு வாரங்களும் பேச்சு நின்ற நாட்கள் அல்ல. அது தொடர்ந்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அந்நாட்களில் அது சொன்னவற்றின் நடு அலை பூமியிலிருந்து ஏறத்தாழ 70 கோடி கிலோமீட்டர் தள்ளி, சூரியனுக்கும் வியாழனுக்கும் இடையே உள்ள தொலைவுக்குச் சற்றே குறைவான விலகலில், கடந்து போய்விட்டது.